பலகையில் பெயர் இல்லாதவர்

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி. அது சரியாகி உட்கார்ந்தபோது ஒரு சாவுச் செய்தி வந்தது. அதைப் பற்றி எழுதத் தொடங்கித்தான் இந்தக் கட்டுரை வேறொரு ஊருக்கும் வேறொரு காலத்துக்கும் போய்விட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

இறந்தவர் எனக்கு நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கே புதுச்சேரியில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள சேவைச் சங்கங்களில் ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் செயலாளராக இருந்தார். எந்தச் சங்கம், ரோட்டரியா அரிமாவா என்று கேட்காதீர்கள். பெயர் எதையும் போட வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சங்கத்தின் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. கூடத்தின் சுவரில் பெரிய மரப்பலகை. முதல் தலைவரிலிருந்து இன்றைய தலைவர் வரை எல்லாப் பெயர்களும் ஆண்டு வாரியாக மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தன. வருடத்துக்கு ஒரு தலைவர் என்பது இந்தச் சங்கங்களின் வழக்கம், அதனால் பலகை நிறைந்து இரண்டாவது பலகையும் மாட்டியிருந்தார்கள். பலகையில் இருந்த தலைவர்களில் இருபத்தேழு பேருக்கு அண்ணன் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார், உரை எழுதிக் கொடுத்திருக்கிறார், கணக்குச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் தலைவராக நின்றதே இல்லை.

என்னையும் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நல்லவர், வல்லவர் என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள் அவரிடம் கேட்டேன், "ஏண்ணே, ஒரு வருஷமாவது தலைவரா இருந்து பார்க்கக் கூடாதா? எல்லாரும் உங்களைத்தானே கேட்கிறாங்க?" அவர் சிரித்துக்கொண்டே, "சிகாகோவுல ஒருத்தர் இருந்தார், தம்பி. முப்பத்திரண்டு வருஷம் செயலாளர். அவர் கதை தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அன்று அவர் சொல்லித்தான் செஸ்லி பெரி என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன்.

ரோட்டரி என்றால் எல்லோருக்கும் பால் ஹாரிஸ் பெயர் தெரியும். சிகாகோவில் வக்கீலாக இருந்தவர். பெரிய நகரத்தில் தனியாள், பழக மனிதர் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று மாலை மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். டியர்பார்ன் தெருவில் யூனிட்டி கட்டடம், 711ஆம் எண் அறை. அந்த அறை சுரங்கப் பொறியாளருடைய அலுவலகம். அடுத்த கூட்டம் இன்னொருவர் இடத்தில், அதற்கடுத்தது வேறொருவர் இடத்தில் என்று சுற்றிச் சுற்றி நடந்ததால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான் சேரலாம் என்று விதி வைத்தார்கள். ஆரம்பத்தில் நட்பும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும்தான் நோக்கம். ஊருக்கு உதவுவது என்ற எண்ணம் கொஞ்சம் பின்னால் வந்தது. சிகாகோ நகர மன்றத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை கட்ட முயற்சி எடுத்ததைத்தான் முதல் பொதுப்பணி என்று சொல்வார்கள்.

செஸ்லி பெரி இந்தச் சங்கத்தில் சேர்ந்தது 1908இல். 1872இல் சிகாகோவிலேயே பிறந்தவர். நகரப் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். 1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த போரில் படையில் இருந்தவர். நூலகமும் படையும் சேர்ந்து ஒரு மனிதரை எப்படி ஆக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், எந்த வேலைக்கும் ஒரு நேரம். பேச்சில் சிக்கனம், ஒழுங்கில் கண்டிப்பு, மேடையில் கூச்சம். படித்த வரையில் பெரியைப் பற்றி எனக்குக் கிடைத்த சித்திரம் இதுதான்.

ஹாரிஸுக்கு ஒரே கனவு: இந்தச் சங்கம் மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும். சிகாகோக்காரர்கள் பலருக்கு அதில் அக்கறை இல்லை. நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், இதற்கு ஏன் ஊர் ஊராகப் போக வேண்டும் என்று கேட்டார்கள். 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் வந்தது. அப்புறம் ஓக்லாண்டு, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று வளர்ந்தது. 1910 ஆகஸ்டில் பதினாறு சங்கங்கள் சிகாகோவில் கூடி ஒரு தேசியக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அந்த மாநாட்டை முன்னின்று நடத்தியவர் பெரி. ஹாரிஸ் தலைவர், பெரி செயலாளர் என்று முடிவானது.

ஹாரிஸ் இரண்டு வருடம் தலைவராக இருந்தார். பிறகு உடல்நலம் கெட்டு ஒதுங்கிவிட்டார். அதன் பிறகு வருடத்துக்கு ஒருவர். 1942 வரை பெரி அதே நாற்காலியில் இருந்தார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: ஹாரிஸையும் சேர்த்து முப்பத்தோரு தலைவர்கள் அவருக்கு மேலே வந்து போயிருக்கிறார்கள். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும். புதிய அதிகாரி வருவார். வந்த முதல் வாரம் எல்லாவற்றையும் மாற்றப்போவதாகச் சொல்வார். இரண்டாம் மாதம் 'பழைய கோப்பு எங்கே?' என்று கேட்பார். அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். இதை முப்பத்தோரு முறை, ஒவ்வொரு முறையும் மரியாதையோடு தாங்கிக்கொண்டவர் பெரி.

அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒரு நிகழ்ச்சியும் கிடைக்காது. கடிதம் எழுதினார். பட்டியல் வைத்தார். 1911 ஜனவரியில் சங்கத்துக்கு ஒரு பத்திரிகை தொடங்கியது. ஹாரிஸ் தன் கருத்துகளை எல்லாச் சங்கங்களுக்கும் எட்டவைக்க ஒரு கட்டுரை எழுதினார், அதை அச்சிடும் வழியாக அந்தப் பத்திரிகை பிறந்தது. அதற்கு ஆசிரியர் பெரி. 1928 வரை செயலாளர் வேலையோடு இதையும் பார்த்தார். 1910இல் கனடாவில் வின்னிபெக் ஊரிலும், 1911இல் டப்ளின், லண்டனிலும் சங்கம் வந்தது. அதனால் 1912இல் 'தேசிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சர்வதேச' என்று போட்டார்கள். 1916இல் கியூபாவின் ஹவானா. ஆங்கிலம் பேசாத நாட்டில் அதுதான் முதல் சங்கம். 1921இல் பாரீஸ். அதே வருடம் மாநாடு கடல் கடந்து எடின்பரோவில் நடந்தது. அமெரிக்கர்கள் கப்பல் பிடித்துப் போனார்கள். அத்தனை பேருக்கும் அறை, உணவு, ரயில் என்று நடந்த கடிதப் போக்குவரத்தை நினைத்தாலே எனக்கு மயக்கம் வருகிறது. தட்டச்சும் கார்பன் தாளும் தந்தியும் மட்டும் இருந்த காலம்.

1922இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் எல்லாப் புதிய சங்கங்களுக்கும் ஒரே மாதிரியான சட்டதிட்டம் என்று முடிவு செய்தார்கள். பெயரும் 'ரோட்டரி இன்டர்நேஷனல்' என்று சுருங்கியது. படிப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு அப்படி இல்லை. ஊருக்கு ஒரு விதி என்று விட்டிருந்தால் பத்து வருடத்தில் அது சிதறிப் போயிருக்கும். நாலாயிரம் மைல் தள்ளி இருப்பவனும் எந்தப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்படி செய்வது சின்ன வேலை இல்லை.

நம் பக்கத்துக்கு வந்த கதையும் உண்டு. கல்கத்தாவில் சங்கம் முதலில் வந்துவிட்டது. 1928இல் கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜிம் டேவிட்சன் என்பவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். சங்கம் கொடுத்த பணம் போதாமல் தன் சொந்தப் பணத்தையும் நிறையச் செலவழித்தார். ஏறத்தாழ இரண்டரை வருடப் பயணம். ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம், பம்பாய், மதராஸ், கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், பாங்காக் என்று போகிற வழியெல்லாம் சங்கம் அமைத்தார். மதராஸில் 1929. டேவிட்சனை 'ரோட்டரியின் மார்க்கோ போலோ' என்று சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் மார்க்கோ போலோ ஒரு ஊரில் பத்து நாள் தங்கி, சங்கம் அமைத்துவிட்டு அடுத்த கப்பல் ஏறிவிடுவார். அந்தச் சங்கத்துக்குச் சாசனம் அனுப்புவதும், கடிதத்துக்குப் பதில் போடுவதும், சந்தா வந்ததா என்று பார்ப்பதும் சிகாகோ அலுவலகத்தின் வேலை. பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அலுவலகத்தைப் பற்றி எழுதுவதில்லை.

இங்கே என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டது வேலையில் சேர்ந்த பிறகுதான், அதுவும் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்து அடித்து. பிரெஞ்சில் செயலாளரை 'செக்ரெத்தேர்' என்பார்கள். இழுப்பறைகள் வைத்த எழுத்து மேசைக்கும் அதே பெயர்தான். ஆளும் மேசையும் ஒன்று. பள்ளியில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். முப்பத்தெட்டு வருடம் மேசையில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கூட்ட நடவடிக்கைக் குறிப்புக்குப் பிரெஞ்சில் 'புரோசே வெர்பால்' என்று பெயர். போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டுக்கும் அதே பெயர். இரண்டிலும் நடந்தது நடந்தபடி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பெரியின் காலத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1912இலேயே அமெரிக்காவின் டுலூத் நகரில் பெண்கள் தனிச் சங்கம் நடத்திப் பார்த்தார்கள், ஏற்கப்படவில்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 1989இல்தான் உலகம் முழுதும் அந்த விதி நீங்கியது. பெரி போய் ஏறத்தாழ முப்பது வருடம் ஆகிவிட்டது.

இன்னொன்று என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. 1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள் மியூனிக் ரோட்டரி சங்கம் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து சில பெயர்களை அடித்தது. யூதர்கள், ஆட்சிக்குப் பிடிக்காதவர்கள். அப்படி அடிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மான். அப்படி விட்டுக்கொடுத்தும் சங்கம் பிழைக்கவில்லை. 1937இல் ஜெர்மனியில் ரோட்டரியே கலைக்கப்பட்டது. அந்த வருடம் உலகத் தலைவராக இருந்தவர் மோரிஸ் துய்ப்பெரே என்ற பாரீஸ்காரர், மாநாடு நடந்தது பிரான்சின் நீஸ் நகரில். அடுத்து இத்தாலி. பெரி எத்தனையோ வருடமாகக் கூட்டிக்கொண்டே வந்த பட்டியல், கழிக்க வேண்டிய பட்டியலாக ஆனது.

பதிவேடு என்பது இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு பெயரை எழுதிக் காப்பாற்றுவதும் அதுதான், ஒரு கோடு போட்டு இல்லாமல் ஆக்குவதும் அதுதான். கோடு போடுகிறவன் பெரும்பாலும் பெரிய வில்லன் ஒன்றும் இல்லை, சொன்னதைச் செய்கிற ஓர் எழுத்தர். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

1942இல் பெரி ஓய்வு பெற்றார். பதினாறு சங்கங்களோடு ஆரம்பித்தவர், ஏறத்தாழ ஐயாயிரம் சங்கங்களை அடுத்தவர் கையில் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவருடைய சொந்தச் சங்கமான சிகாகோ அவரைத் தலைவராக்கியது. அதாவது, உலக அமைப்புக்கே செயலாளராக இருந்தவர் எழுபது வயதுக்கு மேல் ஒரு ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரானார். 1960இல் காலமானார். ஹாரிஸ் தன் நினைவுகளை எழுதியபோது, கட்டடத்துக்கு வரைபடம் போட்டது நான் என்றால் கட்டி முடித்தது பெரி என்ற பொருளில் எழுதிவைத்தார். அதுவே போதும் என்று பெரி நினைத்திருப்பார் என்றுதான் அண்ணன் சொல்வார்.

இனி அண்ணனை எனக்கு எப்படித் தெரியும் என்ற கதை.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஓர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கணவனை இழந்த ஓர் அம்மாள் மனு போட்டிருந்தார். வயதுக்குச் சான்றாக அவர் கொடுத்திருந்தது பிறப்புப் பதிவின் நகல். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவு. பெயர், தேதி, தகப்பனார் தொழில், சாட்சிகள் எல்லாம் அழகான பிரெஞ்சில் இருந்தன. அந்தப் பிரிவில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் படித்தேன். அவருக்கு எழுபத்தொரு வயது என்று தெரிந்துகொண்டேன். பிறகு விதிப்படி, 'அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு இணைக்கவும்' என்று எழுதித் திருப்பிவிட்டேன்.

மொழிபெயர்ப்புக்குப் பணம் ஆகும். அந்த அம்மாள் அண்ணனின் சங்கத்துக்குப் போயிருக்கிறார். அண்ணன் வந்தார். மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார். அப்புறம் வேறு ஒரு கையெழுத்து இல்லை என்று சொன்னேன். அதையும் வாங்கி வந்தார். அப்புறம் கோப்பு மேலே போயிருக்கிறது என்றேன். உண்மையில் என் மேசையில் அடியில் கிடந்தது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ வந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் படித்தார். எந்தத் தேதியில் வந்தார், என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார் என்று வரிசையாக. குரலை உயர்த்தவில்லை. புகார் செய்வேன் என்று சொல்லவில்லை. படித்து முடித்து, "சார், இதில் ஏதாவது தவறாகக் குறித்திருக்கிறேனா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றும் தவறாக இல்லை. அன்று சாயங்காலமே கோப்பை நகர்த்தினேன். ஆனால் மொத்தம் ஏழு மாதம் ஆகியிருந்தது. எழுபது வயதுக்கு மேல் ஏழு மாதம் என்றால் எவ்வளவு என்று அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து அவரே வீட்டைத் தேடி வந்தார். பிரான்சில் ஒரு சங்கம் கண் சிகிச்சை முகாமுக்கு உதவ முன்வந்திருக்கிறது, கடிதம் பிரெஞ்சில் வருகிறது, நீங்கள் மொழிபெயர்த்துத் தருவீர்களா என்று கேட்டார். ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். என்னிடம் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கடிதங்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். சார் என்பது போய் தம்பி ஆனது. ஒரு தடவைகூட அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரங்கல் கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தச் சங்கத்தின் இப்போதைய செயலாளர் போன் செய்தார். முப்பது வயதுப் பெண். இப்போதெல்லாம் கூட்டக் குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் போகிறதாம். பழைய மினிட்ஸ் புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, சில பக்கங்கள் செல்லரிக்கின்றன, சங்கத்தின் பொன்விழாவுக்கு ஒரு சிறு வரலாறு போட வேண்டும், பார்த்து வகைப்படுத்தித் தர முடியுமா ஐயா என்றார். போனேன்.

அண்ணனின் கையெழுத்து. நூற்பாலைக் கணக்குப் பிள்ளையின் கையெழுத்து, எந்த எழுத்தும் கோட்டைவிட்டு இறங்காது. எத்தனை பேர் வந்தார்கள், யார் வரவில்லை, எதற்கு எவ்வளவு செலவு, எந்தப் பள்ளிக்கு எத்தனை பெஞ்சு, எந்தக் குடும்பத்துக்குத் தையல் இயந்திரம். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவரின் பெயர் இருக்கிறது. செயலாளர் என்பதற்குக் கீழே கையெழுத்து மட்டும்.

எண்பதுகளின் புத்தகத்தை எடுக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. எடுத்தேன். தேடினேன். அந்த அம்மாளின் மனு இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். 'மொழிபெயர்ப்பு கேட்கப்பட்டது, செலவைச் சங்கம் ஏற்கும்.' 'கையெழுத்து பெறப்பட்டது.' 'அலுவலகத்தில் நிலுவை.' 'நிலுவை.' 'நிலுவை.' கடைசியாக 'உதவித்தொகை கிடைத்தது. சம்பந்தப்பட்ட எழுத்தர் உதவினார்.'

எல்லாப் பெயரும் எழுதுகிற மனிதர் என் பெயரை மட்டும் எழுதவில்லை. பெயர் அவருக்குத் தெரியும். என் மேசையிலேயே பலகை இருந்தது. 'நிலுவை' என்ற இடத்தில் எழுதியிருந்தால் அது இன்றைக்கும் அங்கே இருந்திருக்கும், பொன்விழா மலருக்காக யாராவது படித்திருப்பார்கள். 'உதவினார்' என்ற இடத்தில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது, என்னையும் விட்டுவிட்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். தலைவர்கள் பலகைக்குப் பக்கத்தில் செயலாளர்களுக்கும் ஒரு சின்னப் பலகை வைக்கலாமே என்று. "கமிட்டியில் வைக்கிறேன் ஐயா" என்றார். எழுதிக்கொண்டாரா என்று பார்த்தேன். போனில் குறித்துக்கொண்டார்.

பலகை வந்தால் படம் பிடித்து இங்கே போடுகிறேன். இன்னும் பதினோரு புத்தகங்கள் பாக்கி இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை தோறும் போகிறேன். கண் மருத்துவர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் படிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது.